விலைபோகாத படங்கள்



என்னிடம் முன்னர் கல்வி பயின்ற இளைஞர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் என்னைக் காண வந்திருந்தார். கையிலே ஒரு தடித்த உறை. அதனுள்ளே அவர் எடுத்த புகைப்படங்களின் அச்சுப் பிரதிகள் இருந்தன. பிலிமத்தலாவைக்கு அண்மையிலுள்ள கடலாதெனியா விகாரை காலைப் பனியில் தோன்றும் காட்சி, பித்தளை வார்ப்பவரின் உலை, கொழுந்து பறித்து இறங்கிவரும் பெண்கள் என அவை யாவும் நம் அயலைக் காட்டுவன. அவர் தொழில்முறைப் படப்பிடிப்பாளர் அல்லர். ஓய்வு நேரத்தில் ஆர்வத்தால் படமெடுப்பவர். இப்படங்களை இணையத்தின் வழியே விற்க முயன்றதாகவும், ஓராண்டிலே மூன்று பிரதிகளே விலைபோயின என்றும், அவற்றுள் இரண்டை வாங்கியவர்கள் தம் உறவினர் என்றும் கூறினார். “குற்றம் படத்திலா, ஐயா, விற்கும் முறையிலா?” என்று அவர் கேட்டார்.

அக்கேள்விக்கு உடனே விடை கூற என்னால் இயலவில்லை. எனினும் நம் மலைநாட்டிலேயே அடக்கம் செய்யப்பெற்றிருக்கும் ஓர் அம்மையாரின் வரலாறு என் நினைவுக்கு வந்தது. அவ்வரலாற்றையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

ஜூலியா மார்கரெட் கமரன் என்னும் அவ்வம்மையார் 1815ஆம் ஆண்டு கல்கத்தாவிலே பிறந்தவர். நம் நாட்டு வரலாற்றைக் கற்றோர் கோல்புறூக் – கமரன் சீர்திருத்தங்களை அறிவர். 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களுக்கு வழிகோலிய அவ்விருவருள் ஒருவரான சாள்ஸ் ஹே கமரனே இவ்வம்மையாரின் கணவர். குடும்பத்திற்கு இலங்கையிலே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. இங்கிலாந்தின் வைற் தீவிலே வாழ்ந்துவந்த காலத்தில், 1863ஆம் ஆண்டின் இறுதியில், மகளும் மருமகனும் இவருக்கு ஒரு புகைப்படக் கருவியைப் பரிசளித்தனர். அப்போது அவருக்கு வயது நாற்பத்தெட்டு. கோழிக்கூடு படப்பிடிப்பு அறையாயிற்று. நிலக்கரி வைக்கும் அறை இருட்டறையாயிற்று.

அக்காலத்தில் ஒரு படத்தை உருவாக்குதல் எளிய செயலன்று. கண்ணாடித் தகட்டின்மீது கொலோடியன் என்னும் பசையைப் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன்னரே படமெடுத்து உருத்துலக்க வேண்டும். பின்னர் முட்டை வெண்கரு பூசிய தாளைத் தகட்டோடு பொருத்தி, வெயிலிலே வைத்து அச்செடுத்து, பன்முறை கழுவ வேண்டும். இத்தனையும் செய்தபின்னரும் தகட்டின் பூச்சு வெடித்துப் போவதுண்டு. 1869ஆம் ஆண்டில் மட்டும் தம் அருமையான தகடுகளுள் 45 இவ்வாறு பாழாயின என அம்மையார் ஒரு கடிதத்திலே வருந்தியிருக்கின்றார்.

ஆயினும், விற்பனையிலே அவர் காட்டிய முயற்சியை எண்ணிப் பாருங்கள். தம் படங்களைப் பிறர் நகல் செய்யாதிருக்கும்பொருட்டு, 1862ஆம் ஆண்டின் நுண்கலை உரிமைச் சட்டத்தின்கீழ் நூற்றுக்கணக்கான படங்களைப் பதிவு செய்தார். இலண்டனில் ஓவியப் பிரதிகளை விற்றுவந்த கொல்நாகி நிறுவனத்தாரிடம் விற்பனையை ஒப்படைத்தார். புலவர் தெனிசன், அறிஞர் டார்வின் முதலிய பெரியோரைப் படமெடுத்து, அவர்தம் கையொப்பத்தையும் பெற்று விற்றார். 1865இலே சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம் அவருடைய படங்களை ஏற்றது. 1874ஆம் ஆண்டு தெனிசனின் கவிதைகளுக்காக அவர் எடுத்த படங்கள் சிறிய மரச்செதுக்கு உருவிலேயே நூலில் இடம்பெற்றமையால் மனம் நிறைவடையாது, பெரிய அச்சுகளைக் கொண்ட தொகுதி ஒன்றைத் தாமே வெளியிட்டார்.

உரிமைப் பதிவு, விற்பனை முகவர், கண்காட்சி, புகழ்பெற்றோரின் கையொப்பம், நூல் வெளியீடு என இன்று நம் இளைஞருக்கு யாரேனும் கூறக்கூடிய அறிவுரை அனைத்தையும் அவர் அன்றே செய்து முடித்திருந்தார். இருந்தும் செலவை ஈடுசெய்யுமளவு வருவாய் அவருக்குக் கிட்டவில்லை. பிள்ளைகளின் கல்விக்குப் பணம் தேவைப்படுகின்றது, புகழ் ஒன்றைக் கொண்டு வாழ்தல் இயலாது என்ற கருத்துப்பட அவரே எழுதியிருக்கின்றார்.

இனி, அதே காலத்திலே கண்டியில் நிகழ்ந்ததைக் காண்போம். 1866ஆம் ஆண்டில் யோசப் லோற்றன் என்பார் கண்டியிலே படத்தொழில் நடத்திவந்தார். அநுராதபுரம், பொலநறுவை ஆகிய பழம்பதிகளின் சிதைவுகளை அரசினர்க்காகப் படமெடுத்தவர் அவர். 1876ஆம் ஆண்டளவில் சாள்ஸ் ஸ்கோவன் என்பாரின் நிலையமும் கண்டியிலே இயங்கிற்று. 1867இலே கொழும்பு – கண்டிப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. 1869இலே சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. கப்பலில் வந்திறங்கிய பயணிகள் புகையிரதத்தில் ஏறி, கடுகண்ணாவை மலைச்சரிவைக் கண்டு வியந்து, கண்டிக்கு வந்து சேர்ந்தனர். பேராதனைப் பூங்கா, கண்டி வாவி, தலதா மாளிகை, தோட்டங்கள் ஆகியவற்றின் படங்களை அவர்கள் நினைவுப் பொருளாக வாங்கிச் சென்றனர்.

இவ்விரு நிலைமைகளையும் ஒப்பிடுங்கால் ஓர் உண்மை புலப்படும். கண்டியின் தொழிலாளர் வாங்குவோன் எதனைத் தேடி வருகின்றான் என்பதை அறிந்து அதனைப் படமெடுத்தனர். கமரன் அம்மையார் தாம் காண விரும்பியதைப் படமெடுத்துவிட்டு, அதனை விரும்புவோரைத் தேடிப் புறப்பட்டார். மங்கலான உருவங்கள் என்றும், தகட்டிலே கறைகள் உள்ளன என்றும் அன்றைய புகைப்பட இதழ்கள் அவரைக் கண்டித்தன. அவர் தம் வழியை மாற்றிக்கொள்ளவில்லை. ஆர்வத்தால் படமெடுப்பவரின் இடர் அனைத்திற்கும் வேர் இதுவே. படம் பிறந்த பின்னரே வாங்குவோன் தேடப்படுகின்றான்.

இணையம் இவ்விடரை நீக்கிவிட்டதென்று பலர் எண்ணுகின்றனர். கடை திறத்தல் எளிதாயிற்று என்பது உண்மையே. ஆனால் கடைவீதியில் எல்லாருமே கடை வைத்துவிட்டால், வீதியிலே நடப்பவன் எக்கடையில் நிற்பான்? திரையிலே ஒளிர்ந்த நிறம் தாளிலே மங்கிவிடுகின்றது. தரமான தாள், அச்சு, உறை, தபாற் செலவு, இடைநின்று விற்பவரின் தரகு ஆகியன கழிந்தபின் எடுத்தவரின் கையில் எஞ்சுவது சொற்பம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் படமெடுத்தவருக்கு உரிமையை அளிக்கின்றது. கமரன் அம்மையாரைப்போல் ஒவ்வொன்றாகப் பதிய வேண்டியதும் இல்லை. எனினும் திரையிலே காட்டிய படம் நொடிப்பொழுதில் நகலாகிவிடும். ஆகவே காட்சிக்குச் சிறிய உருவையும் அச்சுக்குப் பெரிய உருவையும் தனித்தனியே வைத்தல், கட்டளை கிடைத்த பின்னரே அச்சிடுதல், அச்சிட்டவற்றை எண்ணிட்டுக் கையொப்பமிடுதல் ஆகியன விவேகமான வழிகளாம்.

இவற்றை அந்த இளைஞருக்கு நான் கூறினேன். ஆயினும் கமரன் அம்மையாரின் வரலாறு இத்துடன் முடிந்துவிடவில்லை.

1875ஆம் ஆண்டு அவரும் கணவரும் இலங்கைக்குக் குடிபெயர்ந்தனர். களுத்துறையிலும் மலைநாட்டுத் தோட்டங்களிலும் வாழ்ந்த காலத்தில் அவர் சில படங்களை எடுத்தார். இந்நாட்டில் அவர் எடுத்தவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. பெரியோரின் முகங்களைப் படமெடுத்த அதே கண்கொண்டு, இந்நாட்டு மக்களையும், தென்னிந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த நம் தமிழ்த் தொழிலாளரையும் அவர் படமெடுத்தார். 1879ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் டிக்கோயாப் பகுதியிலே அவர் காலமானார். பொகவந்தலாவைத் தேவாலய வளவிலே அவருடைய கல்லறை உள்ளது. வாழ்நாளில் அவருக்கு வருவாய் தராத படங்களை இன்று உலகின் பெரும் அருங்காட்சியகங்கள் பேணிக் காக்கின்றன.

டார்வினின் படத்தைக் காண்பவர் அவர் டார்வின் என்று அறிவர். ஆனால் இலங்கையிலே அவர் எடுத்த படங்களில் நிற்கும் ஆண்களிலும் பெண்களிலும் பெரும்பாலோரின் பெயர் நமக்குத் தெரியாது. நம்முள் எவருடைய பாட்டனாகவோ பாட்டியாகவோ இருக்கக்கூடிய அம்முகங்கள் பெயரின்றியே நம்மை நோக்குகின்றன. படம் விலைபோகாமற் போனதால் நேர்ந்த இழப்பு எடுத்தவருடையது. பெயர் எழுதப்படாமற் போனதால் நேர்ந்த இழப்போ நம் சமூகத்தினுடையது. முன்னதைக் காலம் ஈடுசெய்துவிட்டது. பின்னதை எவர் ஈடுசெய்வார்?

இளைஞரின் உறையிலிருந்த கடலாதெனியா விகாரைப் படத்தை நான் மீண்டும் எடுத்துப் பார்த்தேன். 1344ஆம் ஆண்டில் எழுந்த அக்கற்கோயிலைக் கட்டிய சிற்பாசாரியின் பெயர் கணேசுவராசாரி என்பதை இன்றும் நாம் அறிவோம். எவ்வாறு அறிவோம்? அங்குள்ள பாறையிலே அப்பெயர் பொறிக்கப்பட்டிருப்பதால் அறிவோம். அறுநூற்று எண்பது ஆண்டுகளாக ஒரு தொழிலாளியின் பெயரைக் கல் காத்து நிற்கின்றது.

“தம்பி, உம்முடைய படங்கள் விலைபோகலாம், போகாமலும் இருக்கலாம். அது உம் ஒருவர் கையில் இல்லை. ஆனால் கொழுந்துக் கூடையோடு நிற்கும் இப்பெண்மணியின் அனுமதியைப் பெற்று, ஒரு பிரதியை அவருக்கே கொடுத்து, அவர் பெயரையும் ஊரையும் நாளையும் படத்தின் பின்புறம் எழுதி வைத்தல் உம் கையில் இருக்கின்றது,” என்றேன்.

அவர் சற்று நேரம் வாளாவிருந்தார். பின்னர், அப்பெண்மணியின் பெயர் தமக்குத் தெரியாது என்றும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை சென்று கேட்டு வருவதாகவும் கூறி விடைபெற்றார்.

நேயர்களே, உங்கள் வீட்டுச் சுவர்களிலும் பெட்டிகளிலும் பழைய படங்கள் சில இருக்கக்கூடும். அவற்றில் நிற்போரை அறிந்த முதியோர் நம்மிடையே உள்ளபோதே, ஒரு மென்மையான பென்சிலை எடுத்து, அவர்தம் பெயர்களைப் பின்புறத்தில் எழுதி வைப்பீர்களாக.