நிலம், லயம், முதுமை: யட்டவத்தப் பகுதியில் முதியோர் பராமரிப்பின் வரலாறு

மாத்தளை மாவட்டத்தின் 11 பிரதேச செயலகப் பிரிவுகளில் ஒன்றான யட்டவத்த, மிளகும் பலாவும் கமுகும் கலந்து வளரும் வீட்டுத்தோட்டங்களைக் கொண்ட சிங்களக் கிராமங்களையும், முஸ்லிம் குடியிருப்புகளையும், பெருந்தோட்டங்களின் வரிசை வீடுகளான லயங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் மலையகத் தமிழரையும் ஒருங்கே கொண்ட நிலப்பகுதியாகும். முதியோரைத் துன்புறுத்துவதும் கைவிடுவதும் இக்காலத்தில் முளைத்த சீர்கேடு என்றும், முன்னோர் காலத்தில் பெற்றோரைப் பேணாத பிள்ளைகளே இருந்ததில்லை என்றும் பொதுவாகச் சொல்லப்படுவதுண்டு. ஆயினும் கண்டிய வழமைச் சட்டத்தையும் தோட்டத் தொழிலாளரின் வரலாற்றையும் அருகருகே வைத்து நோக்கினால், முதியவரின் பாதுகாப்பைப் பிள்ளைகளின் அன்புக்கு மட்டும் விட்டுவிட முன்னோரே துணியவில்லை என்பதும், அவர் கையில் இருந்த நிலம், கூரை, பணம் ஆகியவற்றின் அளவுக்கே அப்பாதுகாப்பு நிலைத்தது என்பதும் தெளிவாகின்றன.

1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்கு மாறிய பின்னரும் மாத்தளைச் சிங்களக் குடும்பங்களின் திருமணமும் வாரிசுரிமையும் கண்டிய வழமைப்படியே நடந்துவந்தன. மணமகள் கணவன் வீட்டுக்குச் செல்லும் திருமணம் ‘தீக’ எனவும், கணவன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழும் திருமணம் ‘பின்ன’ எனவும் அழைக்கப்பட்டன. தீக முறையில் மணமுடித்த மகள் தந்தைவழி நிலத்தில் பங்கை இழப்பது பொதுவிதியாக இருந்தபோதிலும், அவள் பிறந்த வீட்டுடன் நெருங்கிய தொடர்பைக் காத்து, பெற்றோரின் இறுதிக்காலத்தில் உடனிருந்து பேணியிருந்தால், இழந்த உரிமையை மீளப்பெற வழி இருந்தது. அதேபோல், தமக்குப் பணிவிடை செய்வோருக்கு என்று சொல்லி முதியவர் நிலத்தை நன்கொடையாக எழுதிக்கொடுக்கும் வழக்கமும் பரவலாக இருந்தது. பணிவிடை செய்தவர் உறவினராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. இத்தகைய நன்கொடையைக் கொடுத்தவரே தம் வாழ்நாளில் திரும்பப் பெறலாம் என்பதுதான் கண்டியச் சட்டத்தின் தனித்தன்மை. எழுதி வாங்கியவர் சோறு போடத் தவறினால் நிலம் கைமாறிவிடும் என்ற அச்சம் முதியவருக்குக் காவலாக நின்றது.

எனினும் அவ்வழமை எல்லோரையும் ஒன்றாகக் காக்கவில்லை. பின்ன முறையில் வந்த கணவனை மனைவி வீட்டார் எந்நேரமும் வெளியேற்றலாம் என்பதால், இரவில் துரத்தப்பட்டால் தீப்பந்தமும், மழையில் துரத்தப்பட்டால் தாளிப்பனை ஓலையும், நோயுற்ற வேளையில் துரத்தப்பட்டால் ஊன்றுகோலும் அவன் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லும் வழக்கம் இருந்தது. நிலமற்றவன் நோயிலும் முதுமையிலும் படும் பாட்டை அக்காலத்தவர் அறிந்தே இருந்தனர் என்பதற்கு இந்த மூன்று பொருள்களுமே சான்றாகும். பின்னர் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டத்தின் துணையுடன் சேனைகளும் காடுகளும் கோப்பித் தோட்டங்களாக மாறின. கிராமத்தவரிடம் எஞ்சிய நிலமும் பங்கு பிரிந்து சுருங்கியது. 1938ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கக் கண்டியச் சட்டத் திருத்தக் கட்டளைச் சட்டம் நன்கொடையை மீளப்பெறும் உரிமையை எழுத்தில் உறுதிசெய்தது. ஆனால் அவ்வுரிமையைக் கைவிடுவதாக உறுதிப் பத்திரத்தில் வெளிப்படையாக எழுதினால் அது செல்லும் என்றும் அதே சட்டம் கூறியதால், நொத்தாரிசு சேர்க்கும் ஒரே ஒரு வரி முதியவரின் காவலை நீக்கிவிடக்கூடியதாயிற்று.

அதே மலைகளின் மறுபக்கத்தில், மன்னாரில் இறங்கி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்துவந்த தமிழ்த் தொழிலாளருக்கு மீளப்பெறுவதற்கு நிலமே இருக்கவில்லை. கண்டியச் சட்டம் கண்டியச் சிங்களருக்கு உரியது. தேசவழமைச் சட்டம் யாழ்ப்பாணத் தமிழருக்கு உரியது. இவ்விரண்டிலும் சேராத தோட்டத் தமிழருக்கு எஞ்சியது பொதுச் சட்டம் மட்டுமே. அந்தப் பொதுச் சட்டத்தின் 1889ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தாபரிப்புக் கட்டளைச் சட்டம் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் செலவுப்பணம் கோர வழிசெய்ததே தவிர, முதிய பெற்றோரைக் குறிப்பிடவில்லை. அதற்குப் பதிலாக வந்த 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டமும் அந்த இடைவெளியை நிரப்பவில்லை.

லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த ஓரறை வீடுகளின் தொகுதி. அது தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமாகவும், செக்ரோல் எனப்படும் வேலைப் பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கே உரியதாகவும் இருந்ததால், வேலையிலிருந்து நின்ற முதியவரின் இருப்பிடம் பேர் பதிந்த மகனையோ மருமகளையோ சார்ந்ததாயிற்று. மகன் குடும்பம் பெருகும்போது காம்பரா எனப்படும் அவ்வோரறையில் இடமின்றி, வாசல் திண்ணையாகிய இஸ்தோப்பில் பாய் விரிக்கும் முதியவரின் நிலை மனக்கொடுமையால் மட்டும் விளைந்ததன்று. ஓரறைக்குள் மூன்று தலைமுறையை அடைத்த அமைப்பும் அதற்குக் காரணம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இவர்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டபோது, பெற்றோர் ஒரு நாட்டுக்கும் வளர்ந்த பிள்ளைகள் மறுநாட்டுக்குமாகப் பிரிந்த குடும்பங்கள் பல. அவற்றில் முதியவரைத் தனிமைப்படுத்தியது பிள்ளைகள் அல்லர், அரசுகளே.

1958இல் தொடங்கிய ஊழியர் சேமலாப நிதியும், 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டமும் தோட்டத் தொழிலாளிக்கு முதுமையில் ஒரு தொகைப் பணத்தை உறுதிசெய்தன. அப்பணம் காவலாகவும் கண்ணியாகவும் அமைந்தது. சேமலாப நிதியிலிருந்து ஆணுக்கு 55 வயதிலும் பெண்ணுக்கு 50 வயதிலும் ஒரே தடவையில் கிடைக்கும் தொகை, கடனடைக்கவும் பேத்தியின் கல்யாணத்துக்கும் கேட்டு வாங்கப்பட்டுவிட்டால், மாதந்தோறும் வரும் ஓய்வூதியம் எதுவும் இல்லாத நிலையில், எஞ்சிய ஆண்டுகள் முழுவதும் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டியதாகிவிடும். முதியவரின் பணத்தையோ சொத்தையோ அச்சுறுத்தியும் ஏமாற்றியும் எடுத்துக்கொள்வதைப் ‘பொருளாதாரத் துன்புறுத்தல்’ என்று இன்றைய சமூகவியலாளர் வகைப்படுத்துகின்றனர்.

இத்துன்பத்துக்கு உலக அளவில் தனிப் பெயர் கிடைத்ததும் அண்மையில்தான். 1975இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ்களில் மூதாட்டிகள் வீட்டில் அடிபடுவது குறித்த கடிதங்கள் வெளிவந்ததே தொடக்கமாகக் கருதப்படுகின்றது. பின்னர் உடல், உள, பாலியல், பொருளாதாரத் துன்புறுத்தலோடு புறக்கணிப்பும் சேர்த்து எண்ணப்பட்டது. உலக சுகாதார அமைப்பு 60 வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் ஓராண்டில் ஏதேனும் ஒரு வகைக்கு ஆளாவதாக மதிப்பிடுகின்றது. இலங்கையில் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரை வேண்டுமென்றே புறக்கணிக்கலாகாது என்பதைப் பிள்ளைகளின் கடமையாக்கி, மாதச் செலவுப்பணம் கோரி முறையிடப் பராமரிப்புச் சபையை ஏற்படுத்தி, பிள்ளைகளற்ற அல்லது கைவிடப்பட்ட ஆதரவற்ற முதியோருக்கு இருப்பிடம் வழங்குவதை அரசின் பொறுப்பாக்கியது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் பெற்றோரும் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், மீளப்பெற இயலாத நன்கொடை உறுதிகளைக் கொடிய நன்றியின்மையைக் காட்டி நீதிமன்றத்தின் மூலம் நீக்க இடமளித்தது. இந்தியாவின் 2007ஆம் ஆண்டுச் சட்டம், பேணுவதாக ஏற்றுச் சொத்தை வாங்கியவர் தவறினால் அக்கைமாற்றத்தை இரத்துச் செய்யலாம் என்கின்றது. கண்டியக் கிராமம் முன்பே கைக்கொண்டிருந்த நெறியை இவ்விரு சட்டங்களும் தத்தம் வழியில் மீண்டும் வந்தடைந்தன எனலாம்.

புறக்கணிப்பை முன்கூட்டியே அறியவும் இவ்வரலாறு உதவுகின்றது. உடல் மெலிவு, படுக்கைப்புண், துவைக்காத துணி ஆகியவற்றுடன், கிளினிக் கொப்பியில் தொடர்ந்து விடுபட்ட திகதிகளும், பிறர் கையில் உள்ள வங்கிப் புத்தகமும், கேட்ட கேள்விக்கு முதியவருக்குப் பதிலாக எப்போதும் மகனே பதில் சொல்வதும், திடீரென எழுதப்பட்ட உறுதியும் கவனிக்கத்தக்கவை. இவற்றில் சில நோயாலும் வறுமையாலும் வரக்கூடியவை ஆதலால், கிராம உத்தியோகத்தரோ பிரதேச செயலகத்தின் முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரோ முதியவரிடம் தனியாகப் பேசிய பின்னரே முடிவுக்கு வருதல் முறையாகும். நிலமுள்ளவர் உறுதி எழுதும்போது சீவிய உரித்தை, அதாவது உயிருள்ளவரை வசிக்கவும் விளைச்சலைப் பெறவும் உள்ள உரிமையை, தமக்கே ஒதுக்கிக்கொள்வது பழைய காவலின் இன்றைய வடிவம். லயத்து முதியவருக்கோ ஒதுக்கிக்கொள்ள எதுவும் இல்லை. தம் பெயரில் வீடும் காணியும் கிடைக்கும்வரை, பிள்ளைகளுக்குக் கடமையை நினைவூட்டும் எச்சட்டமும் அவருக்கு அரைக்காவலாகவே இருக்கும்.