பி. ராம்லீயும் இந்திய இயக்குநர்களும்: ஒரு வரலாற்றுப் பார்வை

முன்னுரை

மலாய்த் திரைப்பட வரலாற்றில் இந்திய இயக்குநர்களுக்குரிய இடத்தை இருவேறு வகையில் மதிப்பிடலாம். இந்தியப் படங்களை மலாயில் பெயர்த்துத் தந்தவர்கள் என்று அவர்களைச் சுருக்குவது ஒன்று. மலாய்த் திரைக்கலையே அவர்கள் படைப்பு என்று உரிமை பாராட்டுவது மற்றொன்று. நடிகர் பி. ராம்லீயின் கலைவாழ்வைக் கொண்டு இவ்விரண்டையும் சீர்தூக்கிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாடகர் நாயகரான வரலாறு

ராம்லீ 22.3.1929இல் பினாங்கில் பிறந்தார். இயற்பெயர் தெக்கு சக்காரியா. தந்தையார் அச்சேயிலிருந்து வந்தவர். 1948இல் புக்கிட் மெர்தாஜாமில் இவர் பாடக் கேட்ட இயக்குநர் பி. எஸ். ராஜ்ஹான்ஸ், சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்கள் நடத்திய படப்பிடிப்புக் கூடத்திற்கு இவரை அழைத்தார். அவ்வாண்டு வெளிவந்த ‘சிந்தா’வில் ராம்லீ நாயகருக்குப் பின்னணி பாடியதோடு துணை வேடமொன்றிலும் நடித்தார். சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த எல். கிருஷ்ணன், ‘பாக்தி’ (1950) படத்தில் இவரை நாயகராக்கினார்.

பாட வல்லவரே நாயகர் என்னும் மரபு 1930களிலேயே இந்தியத் திரையில் வேரூன்றியிருந்தது. தமிழில் தியாகராஜ பாகவதரும் இந்தியில் சைகாலும் அதற்குச் சான்றாவர். சைகாலை ‘ஸ்ட்ரீட் சிங்கர்’ (1938) படத்தில் இயக்கிய பணி மஜூம்தாரே, 1956இல் ராம்லீ நடித்த ‘ஹாங் துவா’, ‘அனாக்கு சசாலி’ ஆகிய படங்களை இயக்கினார். பின்னதில் தந்தை, மகன் என இரு வேடங்களேற்ற ராம்லீ, 1957இல் தோக்கியோவில் நடைபெற்ற ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது பெற்றார்.

இயக்குநராகத் தனிவழி

அக்காலத் திரைக்கதைகள் பல இந்தியப் படங்களைத் தழுவியவை என்பது மறுக்கவியலாதது. ராம்லீ முதலில் இயக்கிய ‘பெனாரெக் பெச்சா’விலும் (1955) ஏழை இளைஞன், செல்வர் மகள் என்னும் பழகிய கதையமைப்பே உள்ளது. எனினும் அவ்விளைஞன் பெச்சா மிதித்துப் பிழைப்பவன். அவன் வறுமை மலாய் மக்கள் அன்றாடம் கண்ட வறுமை. ‘புஜாங் லாப்போக்’ (1957) இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. வாடகை அறையில் வாழும் மணமாகாத மூவரைப் பற்றிய அப்படத்தின் நகைச்சுவை மலாய்ப் பேச்சுவழக்கிலேயே பிறப்பது. பெயர்ப்பினால் அதனைப் பெற்றிருக்க இயலாது.

அதே வேளையில், கற்ற மரபை அவர் துறந்துவிடவுமில்லை. மாமியாரின் சூழ்ச்சியால் மனைவியைப் பிரியும் இசைக்கலைஞனின் துயரைக் கூறும் ‘இபு மெர்துவாகு’ (1962), பாடலையும் உணர்ச்சிப் பெருக்கையும் ஒருங்கே கையாள்கிறது.

1964இல் கோலாலம்பூரின் மெர்டேக்கா படப்பிடிப்புக் கூடத்திற்கு மாறியபின், அவர் படங்கள் முன்னைய வரவேற்பைப் பெறவில்லை. ‘லக்ஸ்மானா டோ ரே மி’ (1972) இறுதிப் படமாயிற்று. 29.5.1973இல் தம் 44ஆம் வயதில் மாரடைப்பால் காலமானார். ‘டான் ஸ்ரீ’ விருது 1990இல்தான், மறைவுக்குப் பின், வழங்கப்பட்டது.

முடிவுரை

‘பக்தி’ என நாம் வழங்கும் சொல், மலாயில் ‘பாக்தி’யாகித் தொண்டினையும் குறிக்கிறது. சொல் வந்த வழியை அறிவது பயனுடையது. ஆயினும் அதன் இன்றைய பொருளை மலாய் வழக்கே தரும். ராம்லீயின் கலையும் இத்தகையதே. இந்திய இயக்குநர்கள் வாயிலைத் திறந்தனர், தொழில் கற்பித்தனர். அவற்றைக் கொண்டு தம் மக்களின் வாழ்வைப் படைத்தவர் ராம்லீ. இவ்விரண்டையும் ஒருங்கே மாணவர்க்கு எடுத்துரைப்பதே இந்நாட்டுப் பண்பாட்டு வரலாற்றுக்கு நாம் செய்யும் நேர்மையாகும்.