ஆறேகால் சென்ட் நிலம்

குடியிருப்பில் பிராணி வளர்ப்பதற்கான விதி என்றாலே நமக்குத் தடைதான் நினைவுக்கு வருகிறது. மாடு கட்டக் கூடாது, ஆடு கூடாது, இத்தனைக்கு மேல் நாய் கூடாது, மீறினால் அபராதம். மலாயாவின் சட்ட வரலாற்றில் இதற்கு நேர் எதிரான விதி ஒன்று இருந்தது. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் என்ற நான்கும் சேர்ந்த கூட்டு மலாய் மாநிலங்களில் 1923இல் தொழிலாளர் சட்டம் வந்தது. குடும்பத்தோடு இருக்கும் இந்தியத் தொழிலாளி ஒவ்வொருவரின் பேரிலும், ஒரு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலத்தை மேய்ச்சலுக்கோ காய்கறித் தோட்டத்துக்கோ முதலாளி ஒதுக்கியாக வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. நம் கணக்கில் ஆறேகால் சென்ட். கேமரன் மலையில் தேயிலை ஊன்றியது 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கிய பிறகுதான். ஆகவே அந்த மலைக்குப் பெட்டி படுக்கையோடு ஏறிய தமிழ்க் குடும்பங்களுக்கு முன்பாகவே இந்த விதி அங்கே போய்க் காத்திருந்தது. கேமரன் மலையும் பகாங்கைச் சேர்ந்ததுதான். அந்த விதியை இன்று நினைவுபடுத்துவதற்குக் காரணம் உண்டு. பிராணி வளர்ப்பைக் கட்டுப்படுத்த நினைக்கும் அதிகாரம் முதலில் இடம் ஒதுக்க வேண்டும், பிறகுதான் தடை விதிக்க வேண்டும் என்ற நியாயம் அதற்குள் இருக்கிறது. அந்த நியாயம் பின்னால் எங்கே தொலைந்தது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

ஆறேகால் சென்ட் என்பது சுமார் 2,700 சதுர அடி. ஒரு கறவை மாட்டின் வயிறு அதில் நிறையாது. ஆனால் நூறு குடும்பம் இருக்கும் தோட்டத்தில் அதுவே சேர்ந்து ஆறேகால் ஏக்கராகிறது. எல்லாக் குடும்பமும் மாடு வைத்துக்கொள்வதில்லை. வைத்திருப்பவர்கள் பொது நிலத்தில் மேயவிட்டு, போதாததற்கு வாய்க்கால் ஓரத்திலும் சாலை ஓரத்திலும் புல்லறுத்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். தோட்டத்து மாட்டுக் கொட்டகையை உற்றுப் பார்த்தால் அந்த ஏற்பாட்டின் உழைப்பு புரியும். துருப்பிடித்த தகரக் கூரை, மிஞ்சிய பலகையில் அடித்த சுவர், மூத்திரம் வடிவதற்காகச் சற்றே சரித்துப் போட்ட தரை, அதன் கீழ்முனையில் ஒரு சிறு கால்வாய், மூலையில் சாணக் குவியல். காலைப் பெரட்டுக்கு ஆள் கணக்கெடுக்கும் முன்பே சாணம் அள்ளி, பால் கறந்து, கன்றை அவிழ்த்துவிட்டிருக்க வேண்டும். மாலையில் கொழுந்துக் கூடையை இறக்கிய தோளே புல்லுக்கட்டையும் சுமந்தது. பால், லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளின் பிள்ளைகளுக்கும், தோட்ட எழுத்தரான கிராணியின் வீட்டுக்கும், சில இடங்களில் துரை பங்களாவுக்கும் போனது. சாணம் காய்கறிப் பாத்திக்குப் போனது. கன்று வளர்ந்தால் மகளுக்கு நகையானது. நிலமோ வீடோ சொந்தமில்லாத ஒரு கூட்டத்துக்குச் சொத்து என்று சொல்லிக்கொள்ள அந்த நாலுகால் ஜீவன் ஒன்றுதான் இருந்தது.

நகரங்களில் அதே காலத்தில் நடந்ததோ வேறு. சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைப் பக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாட்டுத் தொழுவங்களால் நிறைந்திருந்தது. தமிழர்களும் வட இந்தியர்களும் பால் வியாபாரமும் மாட்டு வியாபாரமும் நடத்தினார்கள். நகராட்சியின் சுகாதார விதிகள் இறுக இறுக, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொழுவங்கள் ஊருக்கு வெளியே போயின. 'எருமைக் கொட்டில்' என்று பொருள்படும் கண்டாங் கெர்பாவ் என்ற பெயர் மட்டும் ஒரு மருத்துவமனையில் ஒட்டிக்கொண்டது. நகராட்சியிடம் கொடுப்பதற்கு நிலம் கிடையாது. துரத்த மட்டுமே அதனால் முடிந்தது. தோட்ட முதலாளியிடம் நிலம் இருந்தது, அதனால் அவனைக் கொடுக்கச் சொல்ல முடிந்தது. இரண்டு விதிகளுக்கும் உள்ள வேறுபாட்டை அதிகாரிகளின் நல்லெண்ணத்தில் தேட வேண்டியதில்லை. யாரிடம் நிலம் இருந்தது என்று பார்த்தாலே போதும்.

இதைக் கருணை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரியே. 1922இல் இந்திய அரசு குடியேற்றச் சட்டம் கொண்டுவந்து, ஆள் அனுப்புவதை நிறுத்தும் அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டது. கூலிகளின் நிலையைக் கண்காணிக்க ஓர் ஏஜெண்டையும் மலாயாவில் அமர்த்தியது. அடுத்த ஆண்டே தொழிலாளர் சட்டம் வந்தது தற்செயல் இல்லை. பசுவும் பாத்தியும் உள்ள குடும்பம் ஊர் திரும்ப யோசிக்கும், கூலி உயர்வு கேட்கவும் யோசிக்கும் என்ற கணக்கும் துரைமார்களுக்கு இருந்தது. 1930இல் ரப்பர் விலை விழுந்து கூலி வெட்டப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் கப்பலேற்றப்பட்டபோது, தங்கிவிட்டவர்களின் பசியைப் பாதி தாங்கியது அந்தத் துண்டு நிலம். கூலி குறைந்ததை முதலாளி எளிதில் சமாளித்துக்கொள்ளவும் அது உதவியது. இதையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. நோக்கம் எதுவானாலும், மேய்ச்சல் நிலம் எழுத்தில் உரிமையாக நின்றது. அது இல்லையென்றால் புகார் சொல்ல ஓர் அதிகாரி இருந்தார். சுயநலத்தில் பிறந்த உரிமையையும் உரிமையாகவே பிடித்துக்கொள்ளலாம்.

சுகாதாரம் பற்றிய ஆட்சேபம் இதைவிடக் கனமானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாத் தோட்டங்களில் மலேரியாவும் கொக்கிப்புழுவும் வயிற்றுப்போக்கும் கூட்டம் கூட்டமாக ஆட்களைக் கொன்றன. லயத்து வாசலில் சாணத்தில் ஈ மொய்க்க, அதே கால்வாயில் பாத்திரம் கழுவும் இடத்தில், மாட்டைத் தள்ளிக் கட்டு என்று ஒரு டாக்டர் சொன்னால் அதை அடக்குமுறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தேயிலைச் சரிவில் குளம்பு பட்டால் மண் சரியும் என்பதும் உண்மை. ஆனால் இந்த ஆட்சேபம் கொட்டகை எங்கே இருக்க வேண்டும், கழிவு எப்படிப் போக வேண்டும் என்பதைத்தான் தீர்மானிக்கிறது. மாடு இருக்கவே கூடாது என்ற முடிவுக்கு அது நம்மை இழுத்துப் போவதில்லை. லயத்திலிருந்து எட்டிக் கட்டிய கொட்டகையும் மூடிய சாணக்குழியும் பழைய தோட்டங்களுக்குத் தெரிந்த தீர்வுகளே. இன்று கேமரன் மலையின் காய்கறித் தோட்டங்களுக்கு லாரி லாரியாகக் கோழி எரு ஏறுகிறது. பதப்படுத்தாத எரு கொட்டப்படும்போது ஈத்தொல்லை பெரும் புகாராக எழுகிறது. அதற்காக யாரும் காய்கறி விவசாயத்தையே தடை செய்யச் சொல்வதில்லை. எருவைப் பதப்படுத்து என்கிறார்கள். அந்தப் பொறுமை தொழிலாளியின் ஒற்றைப் பசுவுக்கும் கிடைக்க வேண்டியது.

முதலில் இடம், பிறகே தடை என்ற அந்த நியாயம் தொலைந்தது தோட்டம் கைமாறியபோது. 1950களில் ஆங்கிலேயக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றன. வீடிழந்தவர்களின் துயரத்திலிருந்துதான் 1960இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை எழுப்பினார். பிறகு ரப்பர் செம்பனையானது, செம்பனை பல இடங்களில் தாமான் என்ற வீடமைப்புப் பகுதி ஆனது. குடும்பங்கள் மலிவு விலை அடுக்குமாடிக்குப் போனபோது மாட்டுக்கு எங்கும் இடமில்லை. எஞ்சிய தோட்டங்களிலும் மாடுகளை வெளியேற்றச் சொல்லி நோட்டீஸ் வந்தது. பேராக்கில் மாடு வளர்ப்போர் கூடிப் போராட வேண்டியதாயிற்று. செம்பனைக்கு மாடு கேடு என்ற வாதம் முழுதாக நிற்பதில்லை. செம்பனைக்கடியில் மாடு மேய்க்கும் கூட்டு முறையை அரசாங்க நிறுவனங்களே பல ஆண்டுகளாக ஊக்குவித்து வருகின்றன. தாமான்களில் பிராணி வளர்ப்பை இப்போது ஆள்வது 1976ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் கீழ் வரும் துணைவிதிகள். நகராட்சித் தேர்தல்கள் 1965இலேயே நிறுத்திவைக்கப்பட்டு, அந்த 1976ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அடியோடு போயின. மன்ற உறுப்பினர்கள் நியமனத்தால் வருகிறார்கள். பழைய துரைக்கும் தொழிலாளி ஓட்டுப் போட்டதில்லை. ஆனால் துரையிடம் ஆறேகால் சென்ட் கேட்கச் சட்டம் இருந்தது. மன்றத்திடம் கேட்க அப்படி ஒன்றும் இல்லை.

இந்த வாதத்தைக் காட்டுயிர்களுக்கும் நீட்ட முடியுமா? முடியாது என்றுதான் நினைக்கிறேன். மலைக்காட்டின் பேசும் மைனா, தேவாங்கு, குரங்குக் குட்டி ஆகியவற்றைக் கூண்டில் வைக்கும் ஆசை பழையது. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பாதுகாக்கப்பட்ட உயிரை வைத்திருக்க உரிமம் வேண்டும். தேவாங்கு போல முழுப் பாதுகாப்பில் உள்ளதற்கு அமைச்சரின் சிறப்பு அனுமதி வேண்டும். பசு மனிதரோடு வாழப் பழகிய உயிர். தேவாங்கை வீட்டுக்குக் கொண்டுவர அதன் காட்டைப் பறித்தாக வேண்டும். அதனால் இங்கே தடைதான் நியாயம். ஆனாலும் கேமரன் மலையின் பழங்குடிகளான செமாய் மக்களை மறந்துவிட முடியாது. அவர்களிடையே வாழ்ந்து ஆராய்ந்து ராபர்ட் டென்டன் 1968இல் எழுதிய நூலில், தம் கையால் வளர்த்த பிராணியைத் தாமே கொல்ல அவர்கள் தயங்குவதும், விலங்கைக் கேலி செய்தால் இடிமழை வரும் என்று அஞ்சுவதும் பதிவாகியிருக்கிறது. எழுத்தில் இல்லாத அந்த விதி, பிராணியை வளர்ப்பவரிடமிருந்தே பொறுப்பைக் கேட்கிறது.

1923ஆம் ஆண்டுச் சட்டத்தை அப்படியே திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. திரும்ப வந்தாலும் அது அளிப்பது முதலாளியின் நிலத்தில் ஒரு துண்டுதான். ஆனால் கேமரன் மலை மாவட்ட மன்றம் மாடு, ஆடு, கோழி பற்றி அடுத்த விதியை எழுதும்போது, லயத்தில் இன்னும் மாடு கட்டியிருக்கும் குடும்பங்களுக்கு வீடுகளிலிருந்து எட்டி ஒரு பொதுக் கொட்டகையும், புல்லுக்கு ஒரு துண்டு மேடும் அந்த விதியின் முதல் பிரிவிலேயே இடம்பெற வேண்டும். அபராதத் தொகை அதற்குப் பிந்திய பிரிவில் வரட்டும்.