லிமாவின் அடுப்பில் சீனத்து நெருப்பு

பெருவின் தலைநகரான லிமாவில் அயல்நாட்டுத் தம்பதியருக்கும் பயணிகளுக்கும் நடத்தப்படும் சமையல் வகுப்புகளில் அடிக்கடி கற்பிக்கப்படும் லோமோ சல்தாதோ, அதாவது மாட்டிறைச்சித் துண்டுகளை வெங்காயம், தக்காளி, மிளகாய் ஆகியவற்றோடு கடுந்தீயில் புரட்டிச் சோயா சாறு விட்டு இறக்கும் உணவு, அந்நாட்டின் தொழிலாளர் வரலாற்றிலிருந்து பிரிக்க முடியாதது. 1849 முதல் 1874 வரை ஏறத்தாழ ஒரு இலட்சம் சீனர், பெரும்பாலும் எட்டாண்டு ஒப்பந்தத்தில், கடலோரக் கரும்பு, பருத்தித் தோட்டங்களுக்கும், உரமாக விற்கப்பட்ட கடற்பறவை எச்சத்தை வெட்டியெடுத்த சிஞ்சா தீவுகளுக்கும் கொண்டுவரப்பட்டனர். 1854இல் ஆப்பிரிக்க அடிமைகள் விடுவிக்கப்பட்டபின் தோட்டங்களின் சுமை இவர்கள் தோளில் மேலும் கனத்தது என்பதால், தாளில் ஒப்பந்தமாக இருந்தது நடைமுறையில் அடிமைத்தனத்தின் நீட்சியே எனலாம். அத்தகைய வாழ்விலும் நாள்தோறும் அளக்கப்பட்ட அரிசியைத் தம் முறைப்படியே சமைத்து உண்ட இம்மக்களின் உறுதி போற்றத்தக்கது.

ஒப்பந்தம் முடிந்து நகரம் சேர்ந்தோர் மத்தியச் சந்தையை ஒட்டிய கப்போன் தெருவில் கடைகளையும் உணவகங்களையும் திறந்தனர். சீஃபா எனப்படும் அவ்வகைச் சீன உணவகங்கள் இருபதாம் நூற்றாண்டில் நகரெங்கும் பரவின. ஆண்டிஸ் மலையின் உருளைக்கிழங்கு வறுவலும் வெள்ளைச் சோறும் ஒரே தட்டில் லோமோ சல்தாதோவுடன் அமர்வது சீனச் சமையலும் பெருவியச் சமையலும் கலந்ததன் விளைவேயாகும்.

1899இல் சகுரா மாரு கப்பலில் தொடங்கிய ஜப்பானியக் குடியேற்றம் மீன் உணவையும் மாற்றியது: எலுமிச்சைச் சாற்றில் நெடுநேரம் ஊறிய செவிச்சே, அவர்களுடைய கைப்பழக்கத்தால், பரிமாறுவதற்குச் சற்று முன்னரே சாறு சேர்க்கப்படும் உணவாயிற்று.