மருந்துக் கடைக்காரர் எண்ணிய புள்ளிகள்

சூரியனில் கரும்புள்ளிகள் உண்டென்பதைக் கலிலியோ காலத்திலேயே அறிந்திருந்தனர். அவை கூடிக் குறைவதில் ஓர் ஒழுங்கு உண்டெனக் காட்டியவரோ ஜெர்மனியின் டெஸ்ஸௌ நகரத்து மருந்துக் கடைக்காரர் ஹைன்ரிக் ஷ்வாபே.

அவர் தேடியது புள்ளிகளை அன்று. சூரியனுக்கும் புதனுக்கும் இடையே அறியப்படாத கோள் ஒன்று இருப்பின், அது சூரிய வட்டத்தைக் கடக்கையில் கரும்பொட்டாய்த் தோன்றுமன்றோ? அதனைப் பிரித்தறியும் பொருட்டே, 1826 முதல் வானம் தெளிந்த நாளெல்லாம் சிறு தொலைநோக்கி கொண்டு புள்ளிகளை எண்ணிக் குறித்து வந்தார். (மாணவர்களே, தொலைநோக்கி வழியே சூரியனை நேரே பார்த்தால் கண் போய்விடும், பிம்பத்தை வெள்ளைத் தாளில் விழச்செய்து பாருங்கள்.) 1829இல் கடையையும் விற்றுவிட்டார், பிழைப்புக்குரிய தொழில் அது!

கோள் அகப்படவில்லை, அப்படியொரு கோள் இல்லவே இல்லை. ஆனால் 17 ஆண்டுக் குறிப்பேடுகளைப் புரட்டியபோது, புள்ளிகள் ஏறத்தாழ 10 ஆண்டுக்கு ஒருமுறை பெருகித் தேய்வது புலனாயிற்று. 1844இல் அச்சேறிய அச்செய்தியைப் பொருட்படுத்தியவர் மிகச் சிலரே. 1851இல் ஹம்போல்ட் தம் 'காஸ்மாஸ்' நூலில் அதனை எடுத்தாண்ட பின்னரே அறிஞருலகம் விழித்தது. சராசரி 11 ஆண்டு எனப் பின்வந்தோர் திருத்தினர். 1857இல் லண்டன் அரச வானியற் கழகம் ஷ்வாபேக்குத் தங்கப் பதக்கம் வழங்கிற்று. அதன் பின்னும் அவர் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.