பயந்த எலி மனிதனை எப்படி நம்புகிறது? மிதிவெடி தேடும் எலிகளும் வீட்டு எலிகளும்

கம்போடியாவின் பிரேயா விகியர் மாகாணத்தில் வேலை செய்யும் ரொனின் என்ற எலி, 2021 முதல் 109 மிதிவெடிகளையும் 15 வெடிக்காத வெடிபொருட்களையும் கண்டுபிடித்து 2025 இல் கின்னஸ் சாதனை படைத்தது. அதற்கு முன்னர் பெயர் பெற்றிருந்தது மகாவா. பிரித்தானியாவின் பி.டி.எஸ்.ஏ. என்ற விலங்கு நல அமைப்பு 2020 இல் மகாவாவுக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. அதுவரை நாய்களுக்கே வழங்கப்பட்டு வந்த பதக்கம் அது.

இரண்டு எலிகளையும் பயிற்றியது அபோபோ என்ற நிறுவனம். 1997 இல் இதைத் தொடங்கிய பெல்ஜியம் நாட்டவரான பார்ட் வீட்ஜென்ஸ், சிறுவனாக இருந்தபோது எலி இனப் பிராணிகளை வீட்டில் வளர்த்தவர். மோப்பம் பிடிக்கும், சொல்லிக் கொடுத்தால் கற்கும் என்று அவர் அறிந்துகொண்டது அந்த நாட்களில்தான். நிறுவனத்தின் பயிற்சி நிலையம் இன்று தன்சானியாவின் மொறகோறோ நகரில், சொக்கோயின் விவசாயப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இயங்குகிறது.

இங்கே பயன்படுத்தப்படுவது ஆபிரிக்கப் பெரிய பை எலி. கன்னத்துக்குள் பை போன்ற இடம் இருப்பதால் அந்தப் பெயர். ஒரு கிலோ முதல் ஒன்றரைக் கிலோ வரை நிறை இருக்கும். மிதிவெடியை வெடிக்கச் செய்ய அந்த நிறை போதாது. வெடிமருந்தின் மணத்தை மட்டும் தேடுவதால் துருப்பிடித்த ஆணி, ஷெல் துண்டு எதையும் அது கவனிப்பதில்லை. ஒரு டெனிஸ் மைதானம் அளவான நிலத்தை அரை மணித்தியாலத்தில் தேடி முடிக்கும். உலோகம் கண்டறியும் கருவியோடு ஒரு மனிதருக்கு அதே நிலம் நான்கு நாட்கள்வரை எடுக்கும். வன்னியில் காணி துப்புரவு செய்யக் காத்திருந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் விளங்கும். எங்கள் மண்ணில் அந்த வேலையைப் பெரும்பாலும் மனிதக் கைகளே செய்தன. முகமாலையில் வெயிலுக்குள் முழந்தாளிட்டு மண்ணைச் சிறிது சிறிதாக விறாண்டி எடுத்தவர்களில் பலர் பெண்கள்.

எலி இயல்பில் கோழைப் பிராணி. பருந்து, ஆந்தை, பாம்பு, பூனை என்று எல்லாவற்றுக்கும் அது இரை. இரவில் நடமாடுவது, சுவரோரமாக ஓடுவது, நிழல் விழுந்தால் உறைந்து நிற்பது எல்லாம் உயிர் பிழைப்பதற்காகத்தான். அப்படிப்பட்ட ஒன்றைப் பகல் வெளிச்சத்தில், திறந்த வெளியில், மனிதர் பிடித்திருக்கும் கயிற்றோடு நடக்க வைப்பது எப்படி?

பயிற்சி தொடங்குவது வெடிமருந்தில் அல்ல, கையில். குட்டிகள் கண் திறந்து சில வாரங்களில் பயிற்சியாளர்கள் அவற்றைத் தினமும் தூக்குகிறார்கள். தோளில் வைத்து நடக்கிறார்கள். புல், மணல், சீமெந்து என்று வேறு வேறு தரைகளில் விடுகிறார்கள். வாகன இரைச்சல், வானொலி, மனிதப் பேச்சு எல்லாவற்றையும் கேட்க வைக்கிறார்கள். சத்தம் வரும், ஆனால் அதைத் தொடர்ந்து கெடுதல் வராது என்பதை அந்தச் சிறிய உடல் பல தடவை அனுபவித்துப் பழக வேண்டும். ஒரு சத்தத்துக்கு உடம்பு விறைத்துப் போவதென்றால் என்னவென்று எங்கள் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

அடுத்தது 'கிளிக்'. கையடக்கமான கருவியை அழுத்தினால் ஒரு சிறு சத்தம் வரும். சத்தம் வந்ததும் வாழைப்பழமோ கச்சானோ கிடைக்கும். சத்தத்துக்கும் சாப்பாட்டுக்கும் உள்ள தொடர்பு எலிக்குப் பிடிபட்ட பிறகுதான் ரி.என்.ரி. வெடிமருந்தின் மணம் அறிமுகமாகும். சரியான மணத்தில் மூக்கை வைத்து நின்றால் கிளிக், சாப்பாடு. பிழையான இடத்தில் நின்றால் ஒன்றும் இல்லை. அடியோ அதட்டலோ கிடையாது. முழுப் பயிற்சிக்கும் ஏறக்குறைய ஒரு வருடம் எடுக்கும். கடைசியில், வெடிகள் எங்கே புதைக்கப்பட்டுள்ளன என்று எலியை நடத்துபவருக்கே தெரியாத நிலத்தில் பரீட்சை நடக்கும்.

கிளிக் பொய் சொல்லக்கூடாது என்பதுதான் இதில் கடினமான விதி. உண்மையான மிதிவெடி நிலத்தில், எலி விறாண்டிக் காட்டிய இடத்தில் என்ன இருக்கிறது என்பது அந்த நேரத்தில் மனிதருக்கும் தெரியாது. தெரியாமல் பரிசு கொடுத்தால் பிழையான பாடத்தைச் சொல்லிக் கொடுத்ததாகிவிடும். அதனால் விடை தெரிந்த இடங்களில் பயிற்சியைத் தொடர்ந்து கொடுக்கிறார்கள். எலி காட்டிய இடத்தை வெடி அகற்றுநர் கருவியோடு சென்று தனியே பரிசோதிக்கிறார்.

எனக்கு மிகவும் வியப்பாக இருந்த விடயம் வேறு. நாயைப்போல இந்த எலிகள் ஒரே எஜமானோடு ஒட்டிக்கொள்வதில்லை. மகாவா பிறந்து பயின்றது தன்சானியாவில், வேலை செய்தது கம்போடியாவில். மொழி வேறு, முகங்கள் வேறு. ஆனால் கை தூக்கும் விதமும் கிளிக்கும் சாப்பாடும் மாறவில்லை. ஆளைவிட, நடத்தை மாறாமல் இருப்பதைத்தான் எலி நம்புகிறது என்று சொல்லத் தோன்றுகிறது.

வீட்டில் வளரும் எலிகளுக்கும் இது பொருந்தும். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் பேரப்பிள்ளை எலி வளர்க்கிறது என்று கேட்டு முகம் சுளிக்கும் அம்மம்மாக்கள் இருக்கக்கூடும். அது கடையில் வாங்கும், பல தலைமுறையாக மனிதரோடு வளர்ந்த வேறொரு இனம். தனியே இருந்தால் வாடும், குறைந்தது இரண்டாவது வேண்டும். புதிதாக வந்தது கூட்டின் மூலையில் ஒளிந்திருந்தால் இழுத்து எடுக்கக் கூடாது. உடுத்த பழைய துணித்துண்டு ஒன்றை உள்ளே போட்டால் உங்கள் மணம் பழகும். கையை மேலிருந்து இறக்கினால் அதற்கு அது பருந்துதான், பக்கத்திலிருந்து தாழ்வாக நீட்டுங்கள். வாலில் பிடித்துத் தூக்கவே கூடாது, தோல் உரிந்துவிடும். முதலில் கரண்டியில் உணவு, பிறகு உள்ளங்கையில். உணவைப் பறித்துக்கொண்டு ஓடாமல் கையிலேயே இருந்து சாப்பிடும் நாள்வரை காத்திருங்கள். சில எலிகளுக்கு நாட்கள் போதும், சிலவற்றுக்கு மாதங்கள் செல்லும். சிவப்புக் கண் எலிகளுக்குப் பார்வை மிகவும் குறைவு, அவை தலையை ஆட்டுவது பயத்தால் அல்ல, பார்ப்பதற்காக. கண்ணோரமும் மூக்கோரமும் சிவப்பாகக் கசிந்தால் அது இரத்தம் அல்ல. ஆனால் மன அழுத்தத்துக்கோ நோய்க்கோ அறிகுறியாக இருக்கலாம் என்பதால் மிருக வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

பழகிவிட்டால் எவ்வளவு தூரம் வரும் என்பதை பெர்லின் ஆய்வாளர்கள் 2019 இல் காட்டினார்கள். எலிகள் அவர்களோடு ஒளித்துப் பிடித்து விளையாடின. பரிசாகக் கிடைத்தது சாப்பாடு அல்ல, கிச்சுக்கிச்சு மூட்டல் மட்டும்.

இதை வாசித்துவிட்டு வீட்டு முகட்டிலோ வயலிலோ ஓடும் எலியைப் பிள்ளைகள் பிடித்துப் பழக்க முயலக்கூடாது. எலிக்காய்ச்சல் உயிரைப் பறிக்கக்கூடிய நோய். காட்டு எலி கடித்தால் காயத்தைச் சவர்க்காரமிட்டு நன்றாகக் கழுவி, உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.