வணிகப் பெயரும் வீட்டு வினையும்

பிறமொழிப் பெயர்களை எளிதில் ஏற்கும் தமிழ், வினைகளை அவ்வளவு எளிதில் ஏற்பதில்லை. 1908இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த தூசுறிஞ்சிக் கருவியின் பெயராகிய ‘ஹூவர்’, ஆங்கிலேயர் வாயில் நேரே வினையாயிற்று; அதனைக் காலங்காட்டித் திரித்தும் வழங்குவர். நாமோ வடமொழிப் பெயர்களுக்கு இகர ஈறு கொடுத்துத் ‘தியானி’, ‘உபதேசி’ என வினையடிகள் ஆக்கினோம். வணிகப் பெயர்களுக்கு அம்மதிப்பும் கிட்டவில்லை. ‘சண்லைற்றினாள்’ என்றால் நகைப்பே எழும்.

1884இல் இங்கிலாந்தில் லீவர் அறிமுகஞ்செய்த அச்சவர்க்காரம் ஈழத்து வீடுகளில் ‘சண்லைற் போட்டுத் தோய்’ என்றே வழங்கியது. பெயர் அந்நியம், தொழிலைச் சொல்லும் ‘தோய்’ நமது. பேர்லினில் மக்ஸ் கிறேட்ஸின் பெயரை ஈற்றிற் சுமந்து பிறந்த ‘பெற்றோமக்ஸ்’, நம்மவர் நாவிற் ‘பெற்றோல்மக்ஸ்’ ஆயிற்று. அதில் எரிவதோ மண்ணெண்ணெய்! அதனையும் ‘கொளுத்து’ என்றே சொன்னோம். கிளிநொச்சி மாவட்டத்து ஸ்கந்தபுரம் போன்ற வேளாண் கிராமங்களில் இருசில்லு உழவு இயந்திரம் எந்நாட்டிற் செய்யப்பட்டதாயினும் ‘லான்மாஸ்ரர்’தான். அஃது ஆங்கில நிறுவனமொன்றின் பெயர் என்பதை அறிந்தோர் சிலரே. ‘லான்மாஸ்ரர் பிடித்து உழுதோம்’ என்பதில் வினைகள் இரண்டும் தமிழே.

இவ்வமைப்பின் உறுதி பொருளாதாரத் தடைக்காலத்திற் புலனாயிற்று. 1990க்குப் பின் வன்னியிற் சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் கிடைத்தற்கு அரியனவாயின. 1996இல் இராணுவம் கிளிநொச்சி நகரைக் கைப்பற்றியபோது மக்கள் பெருந்தொகையாக ஸ்கந்தபுரம், அக்கராயன் பக்கங்களுக்கு இடம்பெயர்ந்தனர். பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தனர். (அவ்வாறு தோய்த்த துணியை மாடு சப்பும் என்பது பழைய அனுபவம்.) ஜாம் போத்தலுக்குட் சிறிது எண்ணெய் விட்டுப் பஞ்சுத்திரி இட்டு விளக்குக் கொளுத்தினர். வணிகப் பெயர்கள் பொருள்களோடு மறைந்தன. தோய்த்தலும் கொளுத்தலும் புதிய பொருள்களைப் பற்றிக்கொண்டு நின்றன.

ஆகவே இப்பெயர்களாற் தமிழ் கெடுகிறதென்று புலம்புவோருடன் எனக்கு உடன்பாடில்லை. அஞ்சத்தக்கது ‘பண்ணு’ என்னும் துணைவினையே. ‘போடு’, ‘பிடி’ ஆகியன தொழில்வினைக்கு இடம்விட்டு நிற்பன; ‘பண்ணு’வோ அதன் இடத்தையே பிடித்துக்கொள்கிறது. போர் 2009இல் ஓய்ந்தபின் வன்னிக்கு மின்சாரம் மீண்டது. மின்னழுத்தியும் வந்தது. உடுப்பு ‘மினுக்கிய’ தாயின் மகள் இன்று ‘அயன் பண்ணுகிறாள்’. அயன் வணிகப் பெயரன்று. ஆயினும் ‘மினுக்கு’ என்ற நல்ல வினை அதனால் வழக்கொழிந்து வருகின்றது. ‘கூகிள் பண்ணிப் பார்’ என்பாரிடத்துத் ‘தேடு’ என்பதும் அவ்வழியே செல்கின்றது.